இன்னும் வராத ஒரு போன்

காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேன் எம். புதுப்பட்டி விலக்கில் திரும்பும்போதே, கேட்டில் இருக்கும் சங்கிலிமுத்து மரப்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிடுவார். புறாக்கூண்டு போலச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த பெட்டி அது. அறுபது அறை, அறுபது நம்பர். வேனை விட்டு இறங்குகிறவர்கள் வரிசையில் நின்று, செல்போனை அணைத்து, தங்கள் நம்பரில் வைத்துவிட்டு, ஒரு தகர வில்லையை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பீடி, தீப்பெட்டி, கொண்டை ஊசி, இரும்பு வளையல் எதுவும் உள்ளே போகாது. நைலான் சேலை கட்டி வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பட்டாசு ஆலையில் இதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒவ்வொரு விதியும் எங்கேயோ யாரோ செத்த பிறகு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பதினோரு வருடமாக அந்தப் பெட்டியைக் காத்து வருபவர் சங்கிலிமுத்து. சொல்லாமல் லீவு போட்டதில்லை, யாரிடமும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. நல்ல மனிதர்தான். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மழை எப்போது வரும் என்றாலும் பதில் சொல்வார், முழங்கால் வலிக்கு என்ன மருந்து என்றாலும் பதில் சொல்வார். கேட்டவர் நம்பி நாலு பேரிடம் போய்ச் சொன்னால் அவருக்கு அன்று முழுவதும் முகம் மலர்ந்தே இருக்கும்.

இந்த வருடம் அவர் பிடித்துக்கொண்டது ஜெனித்ரா ஒன்பது.

அது ஒரு போன். அதாவது, வரப்போகிறதாகச் சொல்லப்படும் போன். ஜெனித்ரா கம்பெனி அதைப் பற்றி இன்றுவரை வாயே திறக்கவில்லை. ஆனால் யூடியூப்பில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் தினமும் ஒரு வீடியோ போட்டான். எல்லா ரகசியமும் லீக் ஆகிவிட்டது என்றான். ஒரு நாள் மூன்றாக மடிக்கலாம் என்றான். மறுநாள் மடிக்க முடியாது, ஆனால் வெயிலிலேயே சார்ஜ் ஏறும் என்றான். ஆகஸ்டில் வருகிறது என்றான். ஆகஸ்ட் போனதும் செப்டம்பர் என்றான். சொன்னது பொய்த்துப் போனதற்காக அவனும் வெட்கப்படவில்லை, பார்த்தவர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிலாளர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு, சங்கிலிமுத்து கேட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்தார். சாயங்காலம் வேனுக்கு நிற்கிறவர்களிடம் அத்தனையையும் ஒப்பித்தார்.

“அண்ணாச்சி, வெயில்லயே சார்ஜ் ஏறுமாமே, நெசமா?” என்று வேன் டிரைவர் தங்கப்பாண்டியன் கேட்பான்.

“ஏறும்லே. நம்ம ஊரு வெயிலுக்குப் பத்து நிமிசம் போதும். நம்ம ஏரியாவ மனசுல வச்சுத்தான் அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சிருக்கான்.”

இத்தனைக்கும் சங்கிலிமுத்து கையில் இருந்தது மூலை உடைந்து, செல்லோடேப் ஒட்டிய பழைய போன். அதிலும் பாதி நாள் சார்ஜ் இருக்காது. வீடியோ பார்த்தே தீர்ந்திருக்கும்.

அவர் மனைவி பொன்மணி அதே ஆலையில் பதினான்காம் நம்பர் அறையில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். அவளுக்கு ஜெனித்ராவும் தெரியாது, லீக்கும் தெரியாது. அவள் கவலையெல்லாம் மல்லாங்கிணறில் கட்டிக்கொடுத்த மகள் செல்வலட்சுமி மீதுதான். மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் தாய் வீட்டில் முடிந்துவிட்டது, இரண்டாவது புகுந்த வீட்டில். டாக்டர் சொன்ன தேதி இந்த வாரமோ அடுத்த வாரமோ. முதல் பிரசவத்திலேயே ரத்தம் நிறையப் போய் மகள் மிகவும் சிரமப்பட்டவள். கூடவே போய் இருந்துவிடலாம் என்றால் தீபாவளிக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது. சீசன் நேரத்தில் தொடர்ந்து லீவு யார் கொடுப்பார்கள்?

“வலி எடுத்துச்சுன்னா ஒங்களுக்குத்தான் மாப்ள போனு அடிப்பாக. நீங்கதான் கேட்டுல இருக்கீக. போனக் கையிலயே வச்சிருங்க” என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

போன் என்னவோ அவர் கையில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை செல்வலட்சுமிக்கு இடுப்பு வலி கண்டு, மருமகன் முனியராஜ் நாலு முறை கூப்பிட்டிருக்கிறான். ஜெனித்ராவின் கேமராவைப் பற்றிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே வந்த அழைப்பைச் சங்கிலிமுத்து நாலு முறையும் விரலால் தள்ளிவிட்டார். பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார், அப்புறம் மறந்தும் போனார். நல்லவேளை, அது பொய் வலி. ஆனால் சாயங்காலம் மகள் வாயாலேயே விஷயம் தெரிந்ததும் பொன்மணி அவரிடம் சண்டைக்கு வந்துவிட்டாள்.

“பெத்த மக வலியில கெடக்கா. ஒங்களுக்கு அந்த எழவெடுத்த வீடியோ பெருசாப் போச்சா?”

“கவனிக்கல புள்ள. இனிமே அப்படி நடக்காது.”

‘இனிமே’ என்ற சொல்லை அவள் இருபத்தாறு வருடமாகக் கேட்டு வருகிறாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இந்த மனிதரை நம்பி இருக்கக் கூடாது என்று.

அந்த வாரம்தான் கண்ணாடிக்கார இளைஞன் புதுச் செய்தி ஒன்று சொன்னான். ஜெனித்ரா ஒன்பதில் வரும் பேட்டரியை ஆணியால் குத்தினாலும் தீப்பிடிக்காதாம், அப்படி ஒரு பேச்சு அடிபடுகிறதாம். அதே வீடியோவின் கடைசியில், புதுப் போனின் சில வசதிகள் பழைய ஜெனித்ரா போன்களுக்கும் அப்டேட்டில் கிடைக்கக்கூடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள் என்றான். இரண்டும் தனித்தனிச் செய்தி. இரண்டும் யாரோ சொன்ன செய்தி. சங்கிலிமுத்து இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். ஆணி குத்தினால் தீப்பிடிக்காது என்றால் பொறி பறக்காது. பொறி பறக்காது என்றால் பட்டாசு ஆலைக்கே கொண்டுபோகலாம். இதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தபோது அவருக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. தொழிலாளர்களின் வாட்ஸப் குழுவில் அப்போதே குரல் பதிவு செய்து போட்டார்.

“நம்ம சனங்களுக்கு ஒரு நல்ல சேதி. பட்டாசு ஆலை கேட்டுல பதினோரு வருசமா செக்கிங் பாக்குற ஆளு சொல்றேன். ஜெனித்ரா புதுப் போனு வருதுல்ல, அதுல பொறி வராது, சூடும் ஏறாது. ஆணி அடிச்சாலும் தீப்பிடிக்காது. அந்த வசதிய இப்பப் பழைய போனுக்கும் அப்டேட்டுல விட்டுட்டான். அத அமுக்கிட்டீகன்னா ஒங்க போனும் அதே மாதிரி ஆயிரும். நாளப்பின்ன இந்தப் பெட்டிக்கே வேல இருக்காது, உள்ளயே கொண்டு போயிரலாம்!”

குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. சங்கிலிமுத்து அவற்றை எண்ணிப் பார்த்தார். அவரே கேட்டில் நின்று ஒரு போனையும் உள்ளே விடவில்லை என்பது உண்மைதான். பேச்சு பேச்சோடு, வேலை வேலையோடு என்று அவர் நினைத்திருந்தார். கேட்கிறவர்களுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியுமா என்று அவர் யோசிக்கவே இல்லை.

புதன்கிழமை காலை, சோறு கட்டிக்கொண்டிருந்த பொன்மணி அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

“ஏங்க, அந்த அப்டேட்டு போட்டா நெசமாவே சூடேறாதா?”

பொன்மணி தன்னிடம் ஒரு போன் விஷயம் கேட்பது அதுவே முதல் முறை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“போட்டுப் பாரு. ஒன்னோடதும் ஜெனித்ரா தான? ஐஸ்கட்டி கணக்கா இருக்கும்.”

ஏன் கேட்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டில் அவள் வரிசையில் வந்தபோது, “போன வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன், சார்ஜ் இல்ல” என்றாள். மரப்பெட்டியில் அவளுடைய முப்பத்தொன்றாம் நம்பர் அறை காலியாக இருந்தது. பெண்களைச் சோதிக்கும் அம்மாவும் அவளுடைய கொண்டையையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கேட்டுக்காரர் பொண்டாட்டியின் மடியை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

பத்தே கால் இருக்கும். சங்கிலிமுத்துவின் போனில் முனியராஜின் அழைப்பு வந்தது. விரல் பழக்கத்தில் தள்ளப் போனது, கடைசி நொடியில் நின்றது.

“மாமா, வலி வந்திருச்சு. விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க்கிட்டு இருக்கோம். அத்தை சொல்லியிருந்த மாதிரி அவுகளுக்குத்தான் மொதல்ல அடிச்சேன், எடுக்க மாட்டேங்கிறாக.”

“அத்த போனு வீட்டுல கெடக்கு மாப்ள. வீடு பூட்டியிருக்கு.”

“இல்லையே மாமா. ரெண்டு தடவையும் மொத ரிங்குலயே கட் பண்ணிட்டாக. யாரோ கையில வச்சிருக்காக.”

சங்கிலிமுத்துவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பூட்டிய வீட்டில் போனைக் கட் பண்ண ஆள் இல்லை. பிறகு காலையில் அவள் கேட்டது, அவர் சொன்னது, காலியாக இருந்த முப்பத்தொன்றாம் நம்பர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

“அடிக்காதீக மாப்ள! அந்த நம்பருக்கு இனி யாரும் அடிக்காதீக!” என்று கத்திவிட்டு, தன் போனை நாற்காலியில் எறிந்தார். செருப்பை உதறினார். ஓடினார்.

ஆலைக்குள் ஓடக் கூடாது. அங்கே யாராவது ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் ஓடுவதைப் பார்த்து ஒன்றிரண்டு அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். “என்ன அண்ணாச்சி, என்ன?” என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. ஒன்று வெடித்தால் இன்னொன்றுக்குப் பரவாதிருக்க, அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். பதினோரு வருடமாக அந்த இடைவெளியைப் பார்த்து நிம்மதிப்பட்டவர், இன்று அதைச் சபித்துக்கொண்டே ஓடினார்.

பதினான்காம் நம்பர் அறை வாசலில் அவர் கை தானாகச் செம்புத் தகட்டைத் தொட்டது. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வேண்டும் என்று, உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தொட்டுவிட்டுப் போகும் தகடு. உள்ளே நாலு பெண்கள். நாலு பேருக்கும் நடுவே தட்டில் கருஞ்சாம்பல் நிற மருந்து. பொன்மணி குனிந்து பூச்சட்டிக் கூட்டில் மருந்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் திடுக்கிட்டு யாராவது எதையாவது தட்டிவிடுவார்கள்.

“பொன்மணி, கையில இருக்கிறத மெதுவா வச்சிட்டு எந்திரி. மத்தவகளும் அப்படியே ஒவ்வொருத்தரா வெளிய வாங்க” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

பொன்மணி அவர் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் எழுந்து வந்தாள். ஐம்பது அடி தள்ளி, மணல் வாளிகள் வைத்திருக்கும் இடத்துக்கு வந்ததும், சேலை மடிப்புக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய போனை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர் கை சுட்டது. வெயிலில் போட்ட தகரத்தைத் தொட்டது போல இருந்தது. துணியைப் பிரித்தால், திரையில் அப்டேட் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவள் அமுக்கியது. பாதிதான் முடிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அவர் கையில் அதிர்ந்தது. யாரோ சம்பந்தி வீட்டார் கூப்பிடுகிறார்கள். அவர் அதை வெறும் தரையில் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்துவிட்டார்.

பொன்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். போன் இருந்த இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

“இம்புட்டுச் சுடுது. தெரிஞ்சுமா வச்சிருந்த?”

“சுட்டுச்சுதான். நீங்கதான சூடேறாதுன்னு சொன்னீக. பெறகு எப்படி போனு சுடும்? எனக்குத்தான் காய்ச்ச அடிக்குதோன்னு நெனச்சேன். ரெண்டு தடவ அதிர்ந்தப்பக்கூட, மத்தவகளுக்குத் தெரியக் கூடாதுன்னு துணியோட அமுக்கிட்டேன், தட்டு முடிஞ்சதும் வெளிய போயி பேசிக்கலாம்னு.”

தன் உடம்பில் பட்ட சூட்டை நம்பாமல், அவர் வாய்ச்சொல்லை நம்பியிருக்கிறாள். சங்கிலிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை. மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று அவர் சொன்னதும் கேட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

போர்மேன் பாலகுரு எல்லா அறைகளிலும் வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியே கூப்பிட்டார். “மடியில, டிபன் பையில வச்சிருக்கவக தானா எடுத்துக் குடுத்துருங்க. நான் யாரையும் திட்ட மாட்டேன்” என்றார். தயங்கித் தயங்கி ஏழு போன்கள் வந்தன. ஏழு! அதில் நாலு ஜெனித்ராகூட இல்லை, வேறு கம்பெனி போன்கள். ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு ஏழு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“கேட்டு அண்ணாச்சிதான சார் சொன்னாக.”

பாலகுரு அந்தக் குரல் பதிவைக் கேட்டார். முடிந்ததும் சங்கிலிமுத்துவிடம் திரும்பினார்.

“ஒங்கள வேலையவிட்டு நிப்பாட்டுறதுக்கு எனக்கு ஒரு நிமிசம் ஆகாது அண்ணாச்சி. ஆனா ஒங்கள நிப்பாட்டிட்டா இது நின்னுருமா? இது எந்தெந்த ஊருல, எந்தெந்த கம்பெனியில போயி உக்காந்திருக்கோ! போயி நிப்பாட்டிட்டு வாங்க. அது வரைக்கும் இந்தக் கேட்டுல நீங்க உக்கார வேண்டாம்.”

சாயங்காலம் விருதுநகர் ஆஸ்பத்திரியில் செல்வலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். எல்லோரும் குழந்தையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்மணி வராந்தா பெஞ்சில் இடுப்பில் மருந்து தடவி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணவரைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஒங்களுக்கு நெசமாவே தெரியுமா, அந்தப் போனு சூடேறாதுன்னு?”

“அந்த வீடியோப் பையன் சொன்னான்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“அவனுக்கு யாரோ சொல்லியிருக்காக.”

“அவுகளுக்கு?”

உள்ளே பேத்தி அழும் சத்தம் கேட்டது. காலையில் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் இவள் இங்கே உட்கார்ந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றே குரல் பதிவை அழித்தார். புதிதாக ஒன்று பேசிப் போட்டார். தான் சொன்னது தப்பு, யாரும் போனை உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்று கெஞ்சினார். முதல் பதிவுக்குக் கைதட்டியவர்களில் பாதிப்பேர் இரண்டாவதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவர், ‘அண்ணாச்சிய நிர்வாகம் மிரட்டிப் பேச வச்சிருக்கு’ என்று எழுதினார். அதற்கு இருபது பேர் கைதட்டினார்கள். சங்கிலிமுத்துவுக்குப் போனைச் சுவரில் அடித்து உடைக்கலாமா என்று இருந்தது. பொய் பேசியபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் தங்கப்பாண்டியன் வீட்டுக்கே ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, இதக் கேட்டீகளா? எங்க சித்தி சாத்தூருல இருந்து அனுப்பியிருக்கு. யாரோ ஒரு செக்கிங் ஆபீசருன்னு சித்தி சொல்லுது, கொரலு ஒங்களோடது மாதிரியே இருக்கு. போனெல்லாம் உள்ள கொண்டு போலாம்னு சொல்றாரு.”

போட்டுக் காட்டினான். சங்கிலிமுத்து தன் குரலைத் தானே கேட்டார். அவர் அழித்தது அவருடைய குழுவில் மட்டும்தான். அது அதற்கு முன்பே சாத்தூர் போய், பதவி உயர்வும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு ஆலையாக நடந்தார். காலையில் வேன் வந்து நிற்கும் நேரத்துக்குக் கேட்டில் போய் நிற்பார். “அந்தக் குரல் என்னோடதுதான், நான் தெரியாமப் பேசிட்டேன், நம்பாதீக” என்பார். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு கேட்டில் குடித்திருக்கிறாரா என்று மோந்து பார்த்தார்கள். இன்னொரு கேட்டில், “அவரு ஆபீசருய்யா. நீரு யாரு?” என்று வாட்ச்மேன் விரட்டினார். நாலு நாள் அலைந்தும் நாலு பேர் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். வாயால் விட்டதைக் காலால் நடந்து பிடிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

ஐந்தாம் நாள் பொன்மணி தானும் வருகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள்.

அது ஊருக்கு மேற்கே இருக்கிற ஆலை. வேனிலிருந்து முப்பது பெண்கள் இறங்கினார்கள். சங்கிலிமுத்து வழக்கம்போல ஆரம்பித்தார். சொர்ணலட்சுமி என்ற பெண், கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

“அப்ப அந்த ஆபீசரு பொய்யி சொல்றாரு, நீங்க சொல்றதுதான் நெசமாக்கும்?”

“ஆபீசரு யாரும் இல்ல தாயி. அது நான்தான்.”

“யாருக்குத் தெரியும்? நீங்க எந்தக் கம்பெனி ஆளோ.”

சங்கிலிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, அன்று பேசிய அதே தோரணையில், அதே குரலில் சொன்னார். “நம்ம சனங்களுக்கு ஒரு நல்ல சேதி. பட்டாசு ஆலை கேட்டுல பதினோரு வருசமா செக்கிங் பாக்குற ஆளு சொல்றேன்…” அதோடு நிறுத்திவிட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரலை எல்லோரும் நாலைந்து முறையாவது கேட்டிருந்தார்கள்.

பொன்மணி முன்னால் வந்தாள். சேலையை ஓர் ஓரமாக விலக்கி, இடுப்பில் கொப்புளம் வற்றிக் கறுத்திருந்த இடத்தைக் காட்டினாள். போனின் அளவுக்கே, நீளவாக்கில் இருந்தது அந்தத் தழும்பு.

“இவரு என் வீட்டுக்காரரு. இவரு பேச்ச நம்பி நான் போன மடியில வச்சுட்டு மருந்து அடைச்சேன். எங்கூட மூணு பேரு இருந்தாக. ஒருத்திக்கு மூணு புள்ளைக. அன்னைக்கி இவரு ஓடி வரலைன்னா நாங்க நாலு பேரும் இல்ல. எம் பேத்தி பொறந்த நாளே எனக்குக் கடைசி நாளா ஆயிருக்கும். அந்தப் போனு இன்னும் கடைக்கே வரல, தாயி. வராத போனுக்காக நாங்க சாகப் பாத்தோம்.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் அலுத்துப் போன குரலில், எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“தெரியாதுன்னு சொன்னா ஒரு நிமிசம் வெக்கமா இருக்கும், அம்புட்டுத்தான். தெரியாதத தெரிஞ்ச மாதிரிச் சொன்னா, அத நம்புறவக உசுருக்கு யாரு பொறுப்பு? கேக்குறவகளும்தான். யாரு சொன்னா, அவுகளுக்கு எப்படித் தெரியும்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அடுத்தவகளுக்கு அனுப்புனா என்ன, கையி தேஞ்சா போயிரும்?”

சொர்ணலட்சுமி குனிந்தாள். மடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய போனை எடுத்தாள். அணைத்தாள். கேட்டில் இருந்த பெட்டியில் தன் நம்பரைத் தேடி வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி வந்து பெட்டிப் பக்கம் நின்றார்கள். பொன்மணி எண்ணினாள். மூன்று. முப்பது பேர் வந்த வேனில் மூன்று. இன்னும் எத்தனை ஆலைகள், எத்தனை வேன்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த ஆலைக்கு வேன் வரும் நேரமாகிவிட்டது. இருவரும் நடந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து பாலகுரு சங்கிலிமுத்துவைத் திரும்பவும் கேட்டில் உட்காரச் சொன்னார். நாற்காலி அதேதான், பெட்டியும் அதேதான். முப்பத்தொன்றாம் நம்பரில் பொன்மணியின் போன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது. பெண்களைச் சோதிக்கும் அம்மா இப்போது கேட்டுக்காரர் பொண்டாட்டி மடியையும் விடாமல் தடவிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் தங்கப்பாண்டியன் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே ஜன்னல் வழியாகக் கேட்டான்.

“அண்ணாச்சி, ஜெனித்ரா தீபாவளிக்கு வந்துருமாமே? வீடியோவுல சொல்றான். நெசமா?”

வேனுக்கு நின்ற அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பழைய ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. பொன்மணி டிபன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“தெரியாதுலே” என்றார் சங்கிலிமுத்து. “எனக்கும் தெரியாது, அந்த வீடியோக்காரனுக்கும் தெரியாது. வந்தா வரட்டும். வராததப் பத்தி இனி இந்தக் கேட்டுல பேச்சு கெடையாது.”